முருங்கைமரத்து மயிர்க்கொட்டி

மாரிகாலத்தில் எமது குடாநாட்டு வளவுகளில் ஒருநாட் காலை எழுகின்ற கூக்குரல் யாவரும் அறிந்ததே. "முருங்கையிலே மயிர்க்கொட்டி!" என்று கிணற்றடியிலிருந்து ஒருவர் கூவுவார். பிள்ளைகள் வீட்டினுள்ளே அழைக்கப்படுவர். கொடியிற் காயும் உடுப்புகள் அவசரமாக எடுக்கப்படும். வீட்டுப் பெரியவர் பழைய பனையோலைகளைக் கட்டிச் சூள் ஆக்குவார். சிறிது நேரத்தில் அடிமரம் கருகும், புழுக்கள் பொசுங்கும், அந்த மணம் ஒழுங்கை முழுவதும் பரவும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கூக்குரல் மீண்டும் எழும்.

இவ்வழக்கத்தைக் குறைகூறுதல் எனது நோக்கமன்று. எனது தந்தையாரும் சூள் பிடித்தவரே. ஆயின், ஆண்டுதோறும் எரித்தும் ஆண்டுதோறும் வருகின்ற இவ்வுயிர் எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது, இதன் பெயர்தான் என்ன என்னும் ஐயம் மாணவப் பருவத்திலேயே என்னைப் பற்றிக்கொண்டது. எமது கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்திற் கரப்பானையும் தவளையையும் வெட்டிப் பார்த்தோம்; வீட்டு முருங்கையில் இருந்ததை எவரும் பார்க்கவில்லை. அவ்வையம் தீர்வதற்கு எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது தீர்ந்த வகையை விழா மலரின் வாசகர்க்குக் கூறுதல் பொருந்தும் எனக் கருதுகின்றேன்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மயிர்க்கொட்டி என்பது ஒரு பிராணியின் பெயரன்று. ஒரு கோலத்தின் பெயர். உடலில் மயிர் செறிந்த புழு எதுவாயினும் எம்மவர் அதனை மயிர்க்கொட்டி என்பர்; தமிழகத்தார் கம்பளிப்பூச்சி என்பர். ஆமணக்கிலும் வாழையிலும் காணப்படும் கரிய உடலும் நீண்ட கபில மயிரும் கொண்ட புழு ஒருவகை. அது வளர்ந்து அந்துப்பூச்சியாகும்போது முன்செட்டை சாம்பல் நிறமும், பின்செட்டை கரும்பொட்டுகள் இட்ட செந்நிறமும் பெறும். அதனை நூலோர் ஓலெப்பா றிசினி என்பர். செந்தலையும் அதனைச் சூழ வெண்மயிரும் உடைய புழு இன்னொரு வகை. அது யூப்றொக்டிஸ் என்னும் சாதியைச் சேர்ந்தது. முருங்கையில் வருவது இவ்விரண்டும் அன்று. ஒரே பெயரால் அழைக்கப்படும் இவை வேறு வேறு சாதியின. வேறு வேறு இடத்தில் உறங்குவன. வேறு வேறு காலத்திற் பறப்பன. ஆகலின், ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படாது போதல் கூடும்.

புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்னும் மூன்றும் ஓருயிரின் மூன்று பருவங்கள் என்பதை இன்று சிறுவரும் அறிவர். ஆயினும் மரத்திற் காணும் புழுவையும் விளக்கில் விழும் விட்டிலையும் ஒன்றென்று இணைத்துப் பார்ப்பவர் அரியர். பகலிற் பறக்கும் வண்ணாத்திப்பூச்சி எல்லோரது கண்ணையும் கவருகின்றது. இலங்கையில் வண்ணாத்திப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ இருநூற்றைம்பதே. அந்துப்பூச்சி இனங்களோ ஆயிரத்துக்கு மேற்பட்டவை. இத்தனையையும் இரவு மறைத்துவிடுகின்றது.

புழுவைக் கண்டமாத்திரத்தில் அதன் இனத்தைக் கூறுதல் எளிதன்று. நூல்களிற் பெரும்பாலும் அந்துப்பூச்சியே வருணிக்கப்பட்டுள்ளது. இறந்த அந்துக்களை ஊசியிற் குத்திச் சீமைக்கு அனுப்பிய காலத்தில், அவை எந்த இலையை உண்டு வளர்ந்தன என்று கேட்பார் இலர். இதற்கு இலங்கையில் ஒரு நல்ல விலக்கு உண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பாரின் மேற்பார்வையில், டி அல்விஸ் குடும்பத்துச் சித்திரக்காரர் உயிருள்ள புழுக்களையும் அவை உண்ணும் செடிகளையும் ஒருங்கே பார்த்து வண்ணத்தில் வரைந்தனர். அப்படங்களைக் கொண்டே பிரெடெரிக் மூர் என்னும் அறிஞர் இலங்கையின் வண்ணாத்திகளையும் அந்துக்களையும் பற்றிய மூன்று தொகுதிகளை 1880 தொடக்கம் 1887 வரை வெளியிட்டார். பெயர் மூருடையது, கண்ணும் கையும் டி அல்விஸ் சகோதரருடையவை. அப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்வாறே தோன்றுவதுண்டு.

எனவே, புழுவின் பெயரை அறிய விரும்புவோன் அதனை வளர்த்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பிஸ்கற் தகரம், அதன் அடியில் ஐந்தாறு அங்குல ஈரமண், வாயை மூடிக் கட்டப் பழைய வேட்டித்துண்டு, நாள்தோறும் புதிய இலை, திகதி குறிக்க ஒரு கொப்பி, இவை போதும். புழுவைக் கையால் தொடலாகாது. இருக்கும் கொப்பை அப்படியே வெட்டி உள்ளே வைத்தல் நன்று.

யான் இதனை முதன்முதலாகச் செய்தது 1993 ஆம் ஆண்டு மாரியில். மின்சாரம் இல்லாத காலம் அது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கே எமது வீடுகளில் எரிந்தது. பூச்சிமருந்தும் தெளிகருவியும் கிடைப்பதரிது. எமது வளவின் வேலியோரத்து முருங்கையில் கார்த்திகை நடுப்பகுதியில் புழுக்கள் வந்தன. பகலில் அவை அடிமரத்தில் ஒன்றோடொன்று நெருங்கிச் சாக்கு விரித்தாற்போற் படிந்திருக்கும். இரவில் மேலேறி இலையை உண்ணும். விடியலில் மீண்டும் இறங்கும். கபில நிறம், உடல் முழுதும் அடர்ந்த மயிர். உண்மைக்கால் மூன்று சோடி; பின்னே போலிக்கால்கள் ஐந்து சோடி. இருபது புழுக்களைத் தகரத்தில் இட்டேன். அவை இலையோடு இளங்கொப்பின் பட்டையையும் சுரண்டி உண்டன. மார்கழியில் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் இறங்கின. ஆறு புழுக்கள் மாத்திரம் இறங்காது மேலே சுருங்கி இறந்தன. சில நாளில் அவற்றிலிருந்து ஈக்கள் வந்தன. வேறொரு ஈயின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்தமை அப்பொழுதுதான் விளங்கிற்று. தகரத்திலிருந்து முதலில் வெளிவருவதே புழுவின் நிறையுடலி என்று எண்ணுவோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

பின்னர் தை சென்றது, மாசி சென்றது, பங்குனியும் சென்றது. ஒன்றும் வெளிவரவில்லை. சித்திரை வெயிலில், யாவும் இறந்தன எனத் துணிந்து, தகரத்து மண்ணைக் கிணற்றடி வாழைக்குக் கொட்டினேன். வீட்டுக் கோழிகள் ஓடிவந்து மண்ணைக் கிளறி, கபில நிறக் கூட்டுப்புழுக்களை ஒன்றும் விடாது விழுங்கின. அவை மென்மையாயும் ஈரமாயும் இருந்தமையைக் கண்டபோதுதான் எனது பிழை தெரிந்தது. அவை இறக்கவில்லை, மழைக்காகக் காத்திருந்தன. ஓராண்டு வீணாயிற்று. ஆயினும் கோழிகள் அன்று கற்பித்த பாடத்தைப் பின்னர் கூறுவேன்.

1994 ஆம் ஆண்டு மாரியில் மறுபடியும் தொடங்கினேன். அம்முறை பதினொரு புழுக்கள் மண்ணுள் இறங்கின. தகரத்தை விறாந்தை மூலையில் நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை சிறிது நீர் தெளித்து வந்தேன். வைகாசி, ஆனி, ஆடி எனச் சோளகக்காற்று வீசி ஓய்ந்தது. ஆவணியில் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். புழுவின் மயிரும் பட்டும் கலந்து பின்னிய மெல்லிய கூட்டினுள்ளே கூட்டுப்புழு உயிரோடு இருந்தது. மீண்டும் புதைத்து, துணியை இறுகக் கட்டினேன். ஐப்பசி மழைக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன.

அவ்வாண்டு ஐப்பசியில் நிகழ்ந்தது யாழ்ப்பாணத்தார் எவர்க்கும் மறவாதது. 1995 ஒற்றோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் வீடுகளை விட்டு, கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாமும் நடந்தோம். எடுத்துச் சென்றவை பிள்ளைகளின் சான்றிதழ்கள், சிறிது அரிசி, கொடியிற் கிடந்த ஈர உடுப்பு. தகரத்தை எவரும் நினைக்கவில்லை. நினைத்திருப்பின் அது மூடத்தனமே.

1996 ஆம் ஆண்டு வைகாசியில் திரும்பினோம். ஓடுகள் சில விழுந்திருந்தன, படலை இல்லை, கதவுகளும் இல்லை. விறாந்தை மூலையில் தகரம் இருந்தது. வேட்டித்துண்டு மழையில் மக்கியும் அவிழாது கிடந்தது. அதனை அவிழ்த்தபோது மண்மேல் அந்துப்பூச்சிகளின் செட்டைகள் சிதறிக் கிடந்தன. உடல்களை எறும்புகள் கொண்டுசென்றுவிட்டன. செட்டைகளும், ஓரிரண்டு தலைகளும், சீப்புப்போற் கிளைத்த உணர்கொம்புகளுமே எஞ்சின. ஊரில் மனிதர் எவரும் இல்லாத அந்த மழையில் அவை தம் காலத்தில் வெளிவந்து, துணியைத் தாண்ட இயலாது இறந்திருந்தன. யான் இரண்டு ஆண்டு காத்திருந்த விடை எனது கையில் இருந்தது. அன்று அதனைப் பார்த்து மகிழ்ந்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. செட்டைகளைப் பொறுக்கி ஒரு கடிதவுறையிலிட்டு வைத்தேன்.

அவ்வுறை மறுவருடம் என்னோடு கொழும்புக்குச் சென்றது. அங்கே ஹம்சன் என்பார் இந்திய, இலங்கை அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதிய நூலின் முதற்றொகுதியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நண்பரொருவராற் கிடைத்தது. அது 1892 இல் வெளிவந்தது. எனது வேலை இரண்டு குடும்பங்களுக்கிடையே தீர்ப்புக் கூறுவதாயிற்று. ஏனெனில் முருங்கையின் அடிமரத்திற் பகலிற் கூடியிருக்கும் மயிர்ப்புழு ஒன்று மாத்திரம் அன்று. மெற்றநாஸ்திரியா ஹேர்த்தாக்கா என்னும் வேறொன்றும் அவ்வாறே கூடி, இரவில் உண்ணும். அது முருங்கையோடு மரமுந்திரிகை, கொய்யா முதலியவற்றையும் விடாது. இவ்விரண்டையும் பிரித்தறியாது எழுதினால் யாவும் குழம்பும்.

பிரித்தறிதற்கு மூன்று சான்றுகள் எனக்கு உதவின. ஒன்று, கூடு. மெற்றநாஸ்திரியா தன் கூட்டைப் பட்டால் நெய்து மரத்திலேயே ஒட்டும். எனது புழுக்களோ மண்ணுள் இறங்கின. மற்றொன்று, செட்டை. மெற்றநாஸ்திரியாவின் குடும்பத்தில் பின்செட்டையின் தோட்பகுதி அகன்று புடைத்து, முன்செட்டையின் கீழே தாங்குவதுபோல் நிற்கும்; முன்பின் செட்டைகளைக் கோக்கும் முள் அவற்றுக்கு இல்லை. எனது உறையிலிருந்த செட்டைகளில் அப்புடைப்பைக் காணேன். அவை பெரியன, அகன்றன. வெளிறிய மஞ்சட்கபில நிறத்தன. குறுக்கே மங்கலான அலைகோடுகள் ஓடின. மூன்றாவது, காலம். ஆண்டுக்கு ஒரே தலைமுறை, மழையோடு பறப்பு, எஞ்சிய மாதங்களில் மண்ணுள் உறக்கம். கேரள மலைகளிலே ஏலச்செடியை அழிக்கும் மயிர்ப்புழு இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் ஆண்டில் ஏழெட்டு மாதம் மண்ணுள் உறங்கி, பருவமழையோடு வெளிவருகின்றது.

இவற்றால் இது யூப்டெரோட்டே என்னும் சாதி என்பது உறுதியாயிற்று. தென்னிந்திய விவசாய நூல்கள் முருங்கையின் மயிர்ப்புழுவாகக் குறிப்பது அச்சாதியைச் சேர்ந்த மொல்லிபெரா என்னும் இனத்தையே. எனது செட்டைகளும் புழுக்களின் நடத்தையும் அவ்வருணனையோடு ஒத்தன. பிரித்தானிய நூதனசாலையின் பட்டியலை எழுதிய வாக்கர் 1865 இல் இதற்குப் பெயரிட்டார். யூப்டெரோட்டே என்றால் நல்ல செட்டையுடையது. மொல்லிபெரா என்றால் மென்மையைத் தாங்குவது. பெயரிட்டவர் அந்துப்பூச்சியை மாத்திரமே பார்த்தார் போலும். அதன் புழுவைத் தோளிற் சுமந்திருந்தால் வேறு பெயர் இட்டிருப்பார்.

ஒன்று சொல்லவேண்டும். இச்சாதியின் இனங்கள் நிறத்திலும் கோட்டிலும் மிகவும் மாறுபடுவன. ஒரே தாயின் மக்களும் ஒன்றுபோல இரா. ஆகலின் செட்டையை மட்டும் நம்பி இனத்தைத் துணிதல் ஆபத்து. உண்ணும் மரம், முட்டையிடும் இடம், கூடு கட்டும் முறை, பறக்கும் மாதம் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். இந்நாளில் பூச்சியின் ஒரு காலை மாத்திரம் எடுத்து, அதன் மரபணுவின் சிறு பகுதியை வாசித்து இனங்காணும் முறை 2003 ஆம் ஆண்டு தொடக்கம் பரவியுள்ளது. ஆயினும் அம்முறைக்கும் சரியாகப் பெயரிட்ட மாதிரி ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும். அம்மாதிரியைத் தருவது திகதியும் மரமும் ஊரும் குறித்த கொப்பியே.

முருங்கையின் இலையை அழிக்கும் இன்னொரு அந்துப்பூச்சியையும் ஈண்டுச் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றேன். நூர்தா பிளிற்றேலிஸ் என்னும் அதன் புழு சிறியது, மயிர் செறியாதது, எவரையும் அரிக்காதது. இலையின் மேல் மெல்லிய நூல்வலை இட்டு, பச்சையத்தைச் சுரண்டி, காகிதம்போன்ற சவ்வை மாத்திரம் விட்டுவைக்கும். கொப்பில் இலை வெளுத்துக் காய்ந்த காகிதம்போற் காணப்பட்டால் அது நூர்தாவின் வேலை. இலை முழுதும் மறைந்து ஈர்க்கு மாத்திரம் நின்றால், அடிமரத்தைப் பாருங்கள். நூர்தாவுக்கு அஞ்சிச் சூள் பிடித்தோரையும் யான் கண்டிருக்கின்றேன். அடிமரத்தில் இல்லாத புழுவுக்கு அடிமரத்தில் நெருப்பு!

இனத்தை அறிந்ததனால் வந்த பயன் யாது எனக் கேட்கலாம். முருங்கை எமக்கு வெறும் மரமன்று. காய் குழம்புக்கு, இலை வறைக்கு, பூ மருந்துக்கு, கதியால் அயல்வீட்டு வேலிக்கு. உலகம் இன்று இதனை மொறிங்கா என்று போற்றுகின்றது. அச்சொல்லே எமது முருங்கையிலிருந்து சென்றது. மயிர்க்கொட்டிக்கு அஞ்சி எமது அயலவர் ஒருவர் காய்த்துக் குலுங்கிய மரத்தை அடியோடு தறித்தார். அத்தேவை இல்லை, முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும் என்பது பழமொழி, இலை முழுதும் போயினும் சில கிழமைகளில் மீண்டும் தளிர்க்கும். மற்றொருவர் புகையிலைக்கு அடிக்கும் மருந்தை முருங்கைக்கு அடித்து, ஆறாம் நாள் அதன் இலையைக் கறிக்கு ஆய்ந்தார். எமது நிலம் சுண்ணக்கல், ஆறு இல்லை, குடிப்பது அந்தக் கல்லினிடையே தேங்கும் கிணற்று நீர். மரத்திற் தெளித்தது மழையோடு எங்கே செல்லும் என்பதைக் கிணற்றடி முருங்கை உடையார் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதன் வாழ்க்கையை அறிந்தவனுக்கு வேறு வழிகள் உண்டு. இங்கேதான் எனது கோழிகளின் பாடம் வருகின்றது. தை தொடக்கம் ஆவணி வரை எதிரி மரத்தில் இல்லை. மரத்தின் கீழே, சிறிது ஆழத்தில், அசைவற்று உறங்குகின்றது. அக்காலத்தில் முருங்கையின் அடியை ஓரிரு முறை மண்வெட்டியால் மெல்லக் கொத்திக் கோழிகளை விட்டால், எந்தச் சூளும் செய்யாததை அவை செய்யும். முதல் மழை விழுந்த இரவுகளில் அந்துக்கள் விளக்கை நாடி வரும். மரத்தருகே ஒரு விளக்கும் அதன்கீழே சவர்க்காரநீர் நிறைந்த ஒரு வாளியும் வைக்கலாம். பின்னர் இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாக இடப்பட்ட முட்டைகளைக் கண்டால் அக்கொப்பை ஒடித்து எரித்தல் எளிது. கொண்டை தரித்த கருவெள்ளைக் குயில் மயிர்ப்புழுவை விரும்பி உண்ணும்; அதனைக் கல்லெறிந்து விரட்டாதீர்கள்.

இவை யாவற்றையும் தவறவிட்டு, புழுக்கள் அடிமரத்திற் படிந்தபின்னர் விழித்தவர் சூளையே நாடுவர். பகலில், கூட்டமாக இருக்கும்போது, காற்றுக்கு எதிர்ப்புறம் நில்லாது, ஒருகணம் காட்டி எடுத்தல் வேண்டும். முருங்கையின் பட்டை மென்மையானது; வெந்த இடம் அழுகும். நீண்ட தடியின் நுனியிற் சாக்கைச் சுற்றி, சவர்க்காரநீரில் தோய்த்து வழித்து எடுப்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது, மயிரும் பறவாது. உதிர்ந்த புழுத்தோலிலும் மயிர் உண்டு. அதனை விளக்குமாற்றால் உலர்ந்தபடி கூட்டலாகாது.

உடலில் மயிர் பட்டால் தேய்க்கவோ சொறியவோ கூடாது. தேய்த்தால் முறிந்த மயிர் மேலும் உள்ளே செல்லும். ஒட்டுநாடாவை அவ்விடத்தில் மெல்ல ஒட்டி உரித்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டால் வீட்டுவைத்தியம் எதுவும் வேண்டா. கசக்காது நீரால் அலசி, அன்றே கண்வைத்தியரிடம் செல்க. முட்கொண்ட மயிர் விழிவெண்படலத்திலும் கருவிழியிலும் புகுந்து சிறு கட்டிகளை உண்டாக்கும் நோய்க்கு ஜேர்மானியரான செமிஷ் என்பார் 1904 இல் தனிப்பெயர் இட்டுள்ளார். எனது மாணவர் ஒருவர் இவ்வாறு கண்ணைக் கசக்கியபின் மூன்று கிழமை வகுப்புக்கு வரவில்லை.

1997 ஆம் ஆண்டு தொடக்கம் இன்றுவரை பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு தகரமேனும் எனது விறாந்தையில் இருந்து வருகின்றது. முழு அந்துப்பூச்சிகளைப் பின்னர் பலமுறை பெற்றேன். முதல் உறையிலிருந்த செட்டைகளோடு அவை ஒத்தன. எமது ஊரில் அவை பறப்பது ஐப்பசியில், முதற் பெருமழையின் பின்வரும் பத்து நாட்களுக்குள் என்பது எனது கொப்பியிற் கண்டது. பிற ஊர்களில் எப்படியோ? தீவகத்திலும் வடமராட்சி மணலிலும் தென்மராட்சித் தோப்புகளிலும் வாழும் பழைய மாணவர் எவரேனும் இவ்வாண்டு ஒரு தகரத்தில் மண்ணிட்டு வைத்து, முதல் அந்து வெளிவந்த திகதியை மலர்க்குழுவின் முகவரிக்கு எழுதுவாராயின் அதனை எனது கொப்பியிற் சேர்த்துக்கொள்வேன். சித்திரையில் மாத்திரம் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.